செவ்வாய்க்கிழமையே எழுதிய பயணம்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பருவமும் முடியும் நாளில் 'சாரல்' என்ற செய்திமடல் வெளிவரும். மொத்தம் இரண்டு தாள், நான்கு பக்கம். முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் கடிதம், இரண்டில் விளையாட்டும் மன்றங்களும், மூன்றில் சுற்றுலாச் செய்தி, நான்கில் பிள்ளைகளின் படங்களும் விடுகதைகளும். எழுதுவது மாணவர்கள். திருத்துவது தமிழாசிரியை மணிமேகலை. தட்டச்சு செய்து அச்சிடுவது பள்ளி எழுத்தராகிய நான்.

2005-இல் எங்களுக்குக் கணினி வந்துவிட்டது. பிரிண்டர்தான் வரவில்லை. அதனால் சாரலைப் பழைய சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில்தான் அச்சிட்டோம். அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அந்த டிசம்பரில் நடந்தது புரியும்.

ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். தட்டச்சுப் பொறியில் ரிப்பனை விலக்கிவிட்டு அதில் அடிக்க வேண்டும். எழுத்து விழுகிற இடத்தில் மட்டும் மெழுகு விலகும். அதை மை நிறைந்த உருளையின் மேல் போர்த்திக் கைப்பிடியைச் சுற்றினால், மெழுகு விலகிய இடத்தின் வழியாக மட்டும் மை கசிந்து தாளில் இறங்கும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள். அந்த மை வெயிலில் காய்வதில்லை. தாளுக்குள் ஊறித்தான் காயும். சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற தாள், பெருமாள்மலைக்கு மேலே, எங்கள் பள்ளி இருக்கும் உயரத்தில், டிசம்பர் மூடுபனியில் ஒரு நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கும். அதற்குள் மறுபக்கத்தை அச்சிட்டால் முதல் பக்கத்து மை எல்லாம் இழுபட்டுப் போகும். ஆக, வெள்ளிக்கிழமை மடல் கொடுக்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையே எல்லாச் செய்தியும் என் மேசைக்கு வந்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். சுற்றுலா எப்போதும் வியாழக்கிழமை. தேர்வு முடிந்த பிறகுதான் போக முடியும், மினி பஸ்காரரும் அன்றைக்குத்தான் வருவார். அப்படியானால் வியாழக்கிழமை நடக்கப் போவதைச் செவ்வாய்க்கிழமையே எழுதிவிட வேண்டும். எழுதினோம். நான்கு வருடமாக அதுதான் வழக்கம். "மாணவர்கள் ஆர்வத்துடன் கேட்டறிந்தனர்" என்று எழுதிவிட்டுப் போய் ஆர்வத்துடன் கேட்டறிவார்கள். ஒருமுறை "தூண்பாறை முழு அழகுடன் காட்சியளித்தது" என்று அச்சிட்டிருந்தோம். அன்றைக்கு அங்கே பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாத மூடுபனி. யாரும் கேட்கவில்லை. அதனால் அதைப் பொய் என்று நாங்களும் நினைக்கவில்லை.

அந்தப் பருவத்தின் சுற்றுலா தாண்டிக்குடிக்கு. காப்பித் தோட்டமும் அங்குள்ள ஆராய்ச்சி நிலையமும் பார்ப்பது திட்டம். செய்தியை எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு சத்தியபிரியா. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. அப்பா யோகராஜ் தினக்கூலிக்குப் போகிறவர். அம்மா சிவபாக்கியம் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவர். மற்றப் பிள்ளைகள் பழைய சாரலைப் பார்த்து நாலு வரி மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவள் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள். பழத்தை இயந்திரத்தில் கொட்டினால் தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் பிரிந்து விழுவதையும், கொட்டையின் மேல் வழவழப்பு போக ஊறவைப்பதையும், வாயில் போட்டால் பழச்சதை இனிப்பதையும் பார்த்தவள் போலவே சொல்லியிருந்தாள். மணிமேகலை டீச்சர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. அடியில் அவள் பெயர். அவள் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. நான் ஸ்டென்சிலில் அதை அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாலைக்குள் முந்நூற்றிருபது பிரதிகளும் அச்சாகிவிட்டன. காய்ந்ததும் ஸ்டேப்ளர் பின் அடித்து அடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வியாழக்கிழமை வெள்ளனே முப்பத்தாறு பிள்ளைகளோடு மினி பஸ் கிளம்பியது. டீச்சரும் நானும் துணைக்குப் போனோம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பண்ணைக்காட்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஒரு முனை மேட்டில், மறு முனை பள்ளத்துப் பக்கத்துக் கல்சுவரில். நடுவில் வண்டி நுழைய வழியில்லை. மரத்தை அறுக்க ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் யோகராஜ். காலையில் ஆள் தேவை என்று கூப்பிட்டதில் வந்த கூலி வேலை.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். மதியம் இரண்டரை மணி வரைக்கும் ஆனது. மின்ரம்பம் கீழேயிருந்து வரவேண்டும், வரவில்லை. இருபுறமும் ஆள் பிடித்து இழுக்கும் நீள ரம்பம்தான் கையிலிருந்தது. முதலில் பிள்ளைகள் பஸ்ஸுக்குள் பாட்டுப் பாடினார்கள், பிறகு கொண்டுவந்த புளிச்சோற்றைப் பத்து மணிக்கே தின்று தீர்த்தார்கள், பிறகு இறங்கி வந்து மரம் அறுப்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள். வழி கிடைத்தபோது, இனித் தாண்டிக்குடிக்குப் போனால் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார்.

வண்டியைத் திருப்பும்போது யோகராஜ் ஜன்னலோரம் வந்தார். உடம்பெல்லாம் மரத்தூள்.

"நாளைக்குத்தானே புள்ள அந்தப் பேப்பர் குடுக்கிறது? அஞ்சு எடுத்து வை. ஒன் பேரு வருதுன்னு இவங்கள்ட்ட எல்லாம் சொல்லிட்டன். இன்னிக்கு நடந்தது பூரா எழுது, விளங்குதா?"

சத்தியபிரியா தலையை ஆட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நடந்த பிறகுதான் எழுதுவார்கள் என்று, உலகத்தில் எல்லோரும் நினைப்பதைப் போலவே, அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு அவர் கையில் கிடைக்கப்போவதோ, தாண்டிக்குடியில் காப்பிப் பழம் இனித்த கதை. அதை அவர் வாசித்துக் காட்டப்போவது, பஸ் தாண்டிக்குடிக்குப் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த நாலு பேருக்கு.

நாலு மணிக்கு என் அறையில் கூடினோம். தலைமையாசிரியர் ஹரிகிருஷ்ணன், மணிமேகலை டீச்சர், சத்தியபிரியா, நான். மேசை மேல் அச்சான தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. பயந்தவர். தாண்டிக்குடிக்கு என்று அனுமதி வாங்கியிருக்கிறோம், மடலின் ஒரு பிரதி கல்வி அலுவலகத்துக்குப் போகும், போகவில்லை என்று நாமே அச்சடித்தால் விளக்கக் கடிதம் கேட்பார்கள் என்றார். அப்படியே கொடுத்துவிடலாம் என்பது அவர் முடிவு. டீச்சர், மூன்றாம் பக்கச் செய்தியின் மேல் பேனாவால் குறுக்குக்கோடு போடலாமா என்று கேட்டார். முந்நூற்றிருபது பிரதியிலும் அவள் பெயரை அடித்துவிட்டுக் கொடுப்பதா என்று அவரே சொல்லி, அதை விட்டுவிட்டார்.

சத்தியபிரியா முதலில் தலைமையாசிரியர் பக்கம்தான் நின்றாள். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தக் கட்டுரை பிடித்திருந்தது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஜனவரியில் தாண்டிக்குடிக்குப் போய்விட்டு வந்தால் இது உண்மையாகிவிடாதா என்று கேட்டாள். தலைமையாசிரியர் முகம் மலர்ந்து, ஆமாம், ஆகிவிடும் என்றார். நான் செய்தியின் மேல்வரியைக் காட்டினேன். சுற்றுலா போன நாள் டிசம்பர் 22 என்று அச்சாகியிருந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பா ஜன்னலோரம் வந்து சொன்னதைச் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா, முன்னாடியே எழுதுனதுன்னு ஒங்கப்பாட்ட சொல்லிரு. புரிஞ்சுக்கிடுவாரு" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்லலாம் சார். இதுவரைக்கும் வந்ததெல்லாம் அப்ப இப்படித்தானான்னு கேப்பாரு. எங்க வீட்ல எல்லா சாரலும் இருக்கு சார். அப்பா எழுத்துக் கூட்டி எல்லாத்தையும் படிச்சிருக்காரு."

தூண்பாறைச் செய்தியைத் தட்டச்சு செய்தது என் கை. அதையும் அவர் எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தன ஸ்டென்சில் கெடக்கு ஞானவேலு?" என்று என்னைக் கேட்டார்.

ஒன்றே ஒன்று கிடந்தது. அதிலும் தப்பு வந்தால், அடுத்தது திண்டுக்கல்லிலிருந்துதான் வரவேண்டும். மறுநாள் பதினோரு மணிக்குப் பெற்றோர் வந்துவிடுவார்கள். காய்கிற நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே தாளின் இரு பக்கமும் அச்சிட வழியே இல்லை. ஆனால் இரு பக்கமும்தான் அச்சிட வேண்டும் என்று யார் சொன்னது? மூன்றாம் பக்கத்தைத் தனித்தாளில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கலாம். நான்காம் பக்கத்து ஸ்டென்சிலை நான் தூக்கிப் போடவில்லை, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்திருந்தேன், அப்படி வைத்தால் மை உறிஞ்சப்பட்டுத் திரும்பப் பயன்படும். அதை இன்னொரு தாளில் அடிக்கலாம். மடலில் இரண்டு பக்கம் வெற்றாக இருக்கும், அவ்வளவுதான். வகுப்பு பெஞ்சுகளில் பரப்பி வைத்தால் பின் அடிக்கிற அளவுக்கு இரண்டு மணி நேரத்தில் மை ஊறிவிடும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காலைல ஆறு மணிக்கு நான் கேட்டத் தொறந்து வைக்கிறேன். ஆபீசுக்கு லெட்டர் எழுதுற சோலிய நான் பாத்துக்கிடுறேன். தப்பாச்சுன்னா பழசுதான், சொல்லிட்டேன்."

மறுநாள் ஆறு மணிக்கு சத்தியபிரியா வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. எழுதி எழுதிப் பார்த்ததாகவும், முதல் கட்டுரை மாதிரியே வந்ததாகவும், கிழித்துவிட்டதாகவும் சொன்னாள். வாயால் சொல்கிறேன், அடியுங்கள் சார் என்றாள். ஒரே ஸ்டென்சில் இருக்கும்போது இது செய்யத் தகாத வேலை. இருந்தாலும் நான் ரிப்பனை விலக்கினேன்.

அவள் சொன்னது இப்படிப் போனது:

"22-ஆம் தேதி நாங்கள் தாண்டிக்குடிக்குப் புறப்பட்டோம். போய்ச் சேரவில்லை. சாலையில் ஒரு மரம் விழுந்திருந்தது. அதன் இரண்டு முனைக்கும் தாங்கல் இருந்தது, நடுவில் தாங்கல் இல்லை. அப்படிக் கிடக்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால், ஆழம் போகப் போக மரம் நடுவில் தொய்ந்து, அறுத்த வாய் மூடிக்கொள்கிறது. ரம்பம் சிக்கிவிடுகிறது. அதனால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் அறுத்தார்கள். அதற்கே ரம்பம் ஒரு முறை சிக்கியது. ஆப்பு அடித்து வாயைத் திறந்து எடுத்தார்கள். பிறகு கீழிருந்து மேலே அறுத்தார்கள். இப்போது மரம் தொய்யத் தொய்ய வாய் தானாகத் திறந்துகொண்டது. இரண்டு இடத்தில் அறுத்ததும் நடுத்துண்டு தரையில் விழுந்தது. அதைக் கடப்பாரையால் உருட்டினார்கள். விழும்போது எங்கள் காலடியில் சாலை அதிர்ந்தது."

நான் அடிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தேன். ஆறு மணி நேரம் அங்கே நின்றவன்தான் நானும். ரம்பம் ஏன் சிக்கியது என்று யோசித்திருக்கிறேன். கீழிருந்து அறுத்ததன் காரணம் அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பாவிடம் ராத்திரி கேட்டேன் என்றாள். அம்மாவிடம் கேட்டு முதல் கட்டுரையை எழுதினாள், அப்பாவிடம் கேட்டு இரண்டாவதை எழுதுகிறாள். வித்தியாசம், இதை அவளும் பார்த்தாள்.

கடைசியில் நன்றி சொல்லும் பகுதி. எப்போதும் அங்கே அதிகாரிகளின் பெயர்கள் வரும். அவள், மரம் அறுத்த ஐந்து பேரின் பெயரைப் போட வேண்டும் என்றாள். அவளுக்கு அப்பா பெயர் தவிர யாருடையதும் தெரியாது. ஏழு மணிக்கு வேலையாட்களின் வண்டி கிளம்பும். பொறியில் ஸ்டென்சிலை அப்படியே விட்டுவிட்டு அவளை அனுப்பினேன். இறக்கத்தில் ஓடினாள்.

திரும்பி வந்தபோது நாலு பெயர்தான் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் எழுதியிருந்தது: நல்லுசாமி, சோலைமுத்து, வேல்ராஜ், லெட்சுமி. ஐந்தாவது?

"அப்பா வேணாங்கிறாரு சார். அடியில ஒன் பேரு, மேல என் பேருன்னா, வீட்டாளுங்களே பாராட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்ங்கிறாரு."

அப்படியானால் நாலு பேருக்கு நன்றி என்று அடிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் உடனே மறுத்தாள். அறுத்தது ஐந்து பேர். நாலு என்று போட்டால் திரும்பவும் நடக்காததை எழுதின மாதிரிதான். அப்பா சொன்னதையும் மீற முடியாது. என் நாற்காலிக்குப் பின்னால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் அவள் சொன்ன வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தேன்:

"மரத்தை அகற்றிய ஐவருக்கும் நன்றி. நல்லுசாமி, சோலைமுத்து, வேல்ராஜ், லெட்சுமி. ஐந்தாமவர் தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்."

கீழே சத்தியபிரியா, ஒன்பதாம் வகுப்பு.

ஏழேகாலுக்கு உருளையைச் சுற்றத் தொடங்கினேன். எட்டரைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லா பெஞ்சுகளிலும் தாள்கள் பரந்து கிடந்தன. அன்றைக்கு வெயில் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வராவிட்டாலும் சமாளித்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். தலைமையாசிரியர் ஒரு தாளை எடுத்து நின்றபடியே வாசித்தார். "போய்ச் சேரவில்லை" என்ற இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, பின் அடிக்கப் பிள்ளைகளை வரச்சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார்.

பத்தரை மணிக்கு, பெற்றோர் வருவதற்கு முன்பே, வேலையாட்களின் வண்டி பள்ளி வாசலில் நின்றது. மீதி மரத்தை அள்ளிக்கொண்டு போகிற வழி. யோகராஜ் மட்டும் இறங்கி வந்தார். மற்ற நாலு பேரும் வண்டியின் பின்புறத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சத்தியபிரியா ஐந்து பிரதியைக் கொடுத்தாள். அவர் அங்கேயே மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக, வண்டியிலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார். கடைசி வரியையும் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"ஏலே யோகராசு, யாருய்யா அந்த அஞ்சாவது ஆளு? ரொம்பப் பெரிய மனுசனா இருப்பாம் போல" என்றார் நல்லுசாமி. லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

யோகராஜ் சிரிக்கவில்லை. தாளை மறுபடியும் மேலிருந்து பார்த்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"புள்ள, ஒரு தடவ சிக்கிச்சுன்னு போட்டிருக்க. ரெண்டாவது வெட்டுலயும் சிக்கிச்சே. நீ அந்நேரம் பஸ்ஸுக்குள்ள இருந்திருப்ப. ஆப்பு ரெண்டு தடவ அடிச்சம்."

சத்தியபிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டென்சிலை இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அவள் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அப்பாவின் கையிலிருந்த ஐந்து பிரதியையும் வாங்கி, வண்டியின் படிக்கட்டில் வைத்து, "ஒரு" என்பதை அடித்து "இரண்டு" என்று எழுதினாள். யோகராஜ் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் வண்டியிலிருந்தவர்களிடம் நீட்டினார்.

வண்டி போனதும், உள்ளே இருக்கும் மீதி முந்நூற்றுப் பதினைந்தையும் என்ன செய்வது என்று நான் கேட்டேன். பதினோரு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. மணிமேகலை டீச்சர் தம் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். சத்தியபிரியா ஏற்கெனவே என் பேனாவோடு எட்டாம் வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.